நூலகரும் அணையா அடுப்பும்



இந்தச் சித்திரை இதழ் உங்கள் கைக்கு வந்து சேரும் வாரத்தில்தான் ஏப்ரல் 12 வருகிறது. 1961இல் அந்த நாளில் யூரி ககாரின் பூமியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு 108 நிமிடங்களில் மண்ணுக்குத் திரும்பினார். உலகம் அதை மனிதன் விண்ணுக்குப் போன நாளாகக் கொண்டாடுகிறது. அடுத்த இரண்டாம் நாள் நமக்குப் புத்தாண்டு. இரண்டையும் சேர்த்து ஒரு பக்கம் எழுத வேண்டும் என்று நெடுநாளாக ஆசை. அதற்கு வழி செய்தது கோலசிலாங்கூர் வட்டாரத்துப் புக்கிட் ரோத்தான் பக்கமிருந்து ஓர் அம்மா எழுதிய கடிதம்.

அவருடைய மகள் படிவம் நான்கில் அறிவியல் பிரிவில் படிக்கிறாள். தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுத்தவள். பள்ளியில் யாரோ அவளைக் கேட்டிருக்கிறார்கள்: பால்குடமும் எடுக்கிறாய், பௌதிகமும் படிக்கிறாய், இரண்டில் எதை நம்புகிறாய்? பிள்ளை வீட்டுக்கு வந்து அதே கேள்வியை அம்மாவிடம் கேட்டிருக்கிறாள். அம்மா நம்மிடம் கேட்கிறார்.

அம்மா, உங்கள் மகளிடம் ரஷ்யாவில் நடந்ததைச் சொல்லுங்கள். கூடவே வடலூரில் நடந்ததையும் சொல்லுங்கள். இரண்டும் ஏறத்தாழ ஒரே காலத்தில் நடந்தவை.

மாஸ்கோவில் நிகொலாய் ஃபியோதரோவ் என்று ஒரு நூலகர் இருந்தார். 1829இல் பிறந்தவர். தந்தை பாவெல் ககாரின் என்ற இளவரசர். ஆனால் தாய்க்கும் அவருக்கும் திருமணம் ஆகவில்லை. அதனால் பிள்ளைக்கு அந்தக் குடும்பப் பெயர் கிடைக்கவில்லை. (விண்ணுக்குப் போன யூரி ககாரின் இந்த அரச குடும்பத்தைச் சேர்ந்தவர் அல்லர். அவர் ஒரு தச்சரின் மகன்.) ஃபியோதரோவ் தம் பிள்ளைப் பருவத்திலிருந்து மூன்று நினைவுகளைப் பத்திரப்படுத்தி வைத்திருந்தார். பஞ்ச காலத்தில் குடியானவர்கள் தின்ற கன்னங்கரிய ரொட்டியைப் பார்த்தது ஒன்று. போர் என்றால் மனிதரை மனிதர் சுடுவது என்று யாரோ விளக்கியது இன்னொன்று. உறவில்லாதவர்கள் என்று சிலர் உண்டு, உறவுக்குள்ளேயே உறவாக நடக்காதவர்களும் உண்டு என்று தெரிந்துகொண்டது மூன்றாவது. பசி, கொலை, அந்நியம். இந்த மூன்றையும் அவர் மறக்கவே இல்லை. பின்னாளில் அவர் எழுதியதெல்லாம் இந்த மூன்றுக்கும் தேடிய மருந்துதான்.

சிற்றூர்ப் பள்ளிகளில் வரலாறும் புவியியலும் கற்பித்தார். பிறகு மாஸ்கோவில் செர்ட்கோவ் நூலகத்திலும், 1874 முதல் ருமியான்ட்செவ் அருங்காட்சியக நூலகத்திலும் வேலை பார்த்தார். கால் நூற்றாண்டு அங்கேதான். அவர் தூங்கியது ஒரு மரப்பெட்டியின் மேல். சாப்பாடு பெரும்பாலும் தேநீரும் ரொட்டியும். சம்பளத்தை வாங்கி ஏழைகளுக்குப் பிரித்துக் கொடுத்துவிடுவார்; சம்பள உயர்வு தருவதாகச் சொன்னால் வேண்டாம் என்பார். தம் படத்தை யாரும் வரைய விடமாட்டார். ஓவியர் லியோனித் பாஸ்டர்நாக் நூலகத்தில் படிக்க வந்தவர்போல உட்கார்ந்து ஒளித்து வரைந்த படம்தான் நமக்கு மிஞ்சியது. தல்ஸ்தோயும் தஸ்தயெவ்ஸ்கியும் இவருடைய எண்ணங்களைக் கேட்டு மதித்தார்கள். ஆனால் தம் எழுத்தை விற்பது பாவம் என்று அவர் நினைத்ததால், உயிரோடு இருந்தவரை பெரும்பாலானவை அச்சேறவில்லை. 1903 டிசம்பரில் நிமோனியாவில் இறந்தார். 1906இல் சீடர்கள் இருவர் அவருடைய கையெழுத்துக் காகிதங்களைத் தொகுத்து, ‘பொதுப்பணியின் தத்துவம்’ என்ற பெயரில், இன்று அல்மாத்தி எனப்படும் வெர்னி நகரில் 480 படிகள் அச்சிட்டார்கள். விலை போடவில்லை. கேட்டவர்களுக்கு இலவசமாகக் கொடுத்தார்கள்.

அந்தப் புத்தகம் சொல்வது இதுதான்: மரணம் இயற்கைதானே என்று சும்மா இருக்கக் கூடாது. அது மனிதகுலத்தின் பொது எதிரி. அறிவு முழுவதையும் ஒன்று திரட்டி அதை வெல்ல வேண்டும். வென்று, நாம் மட்டும் நீண்டு வாழ்ந்தால் அது பெரும் தன்னலம். நமக்கு உயிர் கொடுத்துவிட்டுச் செத்துப்போன தந்தையரையும் தாயரையும் திரும்ப எழுப்ப வேண்டும். அது பிள்ளைகளின் கடன். எழுப்பியவர்கள் எல்லாரும் இந்த ஒரு பூமியில் எங்கே வாழ்வார்கள்? ஆகவே வேறு உலகங்களுக்குப் போக வேண்டும். பூமியையே ஒரு கப்பலைப் போல மனிதன் செலுத்தக் கற்க வேண்டும்.

விண்வெளிப் பயணம் என்ற எண்ணம் ரஷ்யாவில் இப்படி ஓர் ஆழமான சமயப் பற்றுள்ள கிறிஸ்தவரின் துக்கத்திலிருந்தும் வந்தது. நாடு பிடிக்கும் ஆசைக்கோ வணிகத்துக்கோ அதில் இடமில்லை. இதை முதன்முதலில் படித்தபோது நான் நெடுநேரம் பக்கத்தைத் திருப்பவில்லை. திதி கொடுக்கிற நாளில் எள்ளும் தண்ணீரும் விட்டு மூன்று தலைமுறைப் பெயரைச் சொல்கிறோமே, அந்த மனத்தை அவர் அப்படியே எடுத்து விஞ்ஞானத்தின் வாசலில் வைத்துவிட்டார்.

அவர் கனவோடு நிற்கவில்லை. 1891இல் ரஷ்யாவில் பெரும் பஞ்சம் வந்தது. அதே ஆண்டு அமெரிக்காவில் வெடிமருந்து வெடித்து மழை வரவழைக்க முடியுமா என்று சோதனை செய்தார்கள். ஃபியோதரோவ் இரண்டு செய்தியையும் சேர்த்துப் படித்தார். பீரங்கிகளை மனிதர்மேல் குறிவைப்பதை விட்டுவிட்டு மேகத்தின்மேல் திருப்புங்கள், படைகளைப் பயிர் காக்கும் படைகளாக மாற்றுங்கள் என்று எழுதினார். அந்த மழைச் சோதனை பலிக்கவில்லை. ஆனால் பஞ்சத்தைத் தெய்வ சித்தம் என்று விடாமல், கணக்குப் போட்டுத் தீர்க்க வேண்டிய வேலை என்று ஒரு பக்திமான் சொன்னாரே, அதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

இனி அந்த நூலகத்துக்கு வந்த ஒரு பையனைப் பற்றி.

கான்ஸ்டன்டின் சியோல்கோவ்ஸ்கி 1857இல் பிறந்தவர். பத்து வயதில் வந்த செங்காய்ச்சலால் காது ஏறக்குறைய அடைத்துப்போயிற்று. பள்ளிக்கூடம் நின்றது. பதினாறு வயதில் அப்பா அவரை மாஸ்கோவுக்கு அனுப்பினார். கல்லூரியில் சேர வழியில்லை. ஊரிலிருந்து வந்த சொற்பப் பணத்தில் மூன்று நாளைக்கு ஒருமுறை ஒன்பது கோபெக்குக்குக் கறுப்பு ரொட்டி வாங்குவார். மாதத்துக்கு 90 கோபெக் சாப்பாட்டுக்கு. மிச்சமெல்லாம் புத்தகத்துக்கும் பாதரசத்துக்கும் அமிலத்துக்கும். காலையில் நூலகம் திறந்ததும் உள்ளே போய், மூடும்வரை உட்கார்ந்து கணிதமும் பௌதிகமும் தாமே படித்தார். மூன்று ஆண்டுகள் இப்படி. அந்தச் செவிட்டுப் பையனுக்குப் புத்தகம் எடுத்துக் கொடுத்தவர் ஃபியோதரோவ். பொதுவில் கொடுக்கத் தடை இருந்த புத்தகங்களைக்கூடக் கொடுத்தார் என்று சியோல்கோவ்ஸ்கி பின்னாளில் நன்றியோடு நினைவுகூர்ந்தார்.

அந்த நாட்களில் இருவரும் விண்வெளியைப் பற்றிப் பேசிக்கொண்டதற்குச் சான்று இல்லை. குரு உபதேசித்தார், சீடன் ராக்கெட் செய்தான் என்று கதையை அழகாக முடித்துவிட ஆசை வரும். அப்படி முடிக்கத் தேவையே இல்லை. பசித்த, காது கேளாத, யாருமில்லாத ஒரு பிள்ளையிடம் ஒருவர் நாள்தோறும் சரியான புத்தகத்தைக் கொண்டுவந்து வைத்தார். அதுவே போதுமானதாக இருந்தது.

பையன் ஊர் திரும்பிப் பள்ளி ஆசிரியரானார். போரோவ்ஸ்க்கில் சில ஆண்டுகள், 1892 முதல் காலுகா நகரில். கேட்பதற்காகத் தகரத்தில் தாமே புனல் போன்ற குழல்கள் செய்து காதில் வைத்துக்கொண்டார். 1897இல் ராக்கெட்டுக்கான அடிப்படைச் சமன்பாட்டை எழுதினார். 1903இல், ஃபியோதரோவ் இறந்த அதே ஆண்டில், எதிர்வினைக் கருவிகளால் அண்டவெளியை ஆராய்வது பற்றிய அவருடைய கட்டுரை ஓர் அறிவியல் இதழில் வந்தது. திரவ ஹைட்ரஜனும் திரவ ஆக்சிஜனும் எரிபொருளாகலாம் என்று அதிலேயே எழுதியிருந்தார்.

படிவம் நான்கு மாணவிக்காக அந்தச் சமன்பாட்டைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். பாசிர் பெனம்பாங் துறையிலிருந்து கிளம்பும் மீன்பிடிப் படகின் விசிறி தண்ணீரைப் பின்னால் தள்ளுகிறது, படகு முன்னால் போகிறது. விண்வெளியில் தள்ளுவதற்குத் தண்ணீரும் இல்லை, காற்றும் இல்லை. ஆகவே தள்ளுவதற்கான பொருளையும் ராக்கெட்டே சுமந்து போக வேண்டும். எரிந்த வாயுவைப் பின்னால் வீசி அது முன்னே போகிறது. ஆனால் மேலே போய் எரிக்க வேண்டிய எரிபொருளைத் தூக்குவதற்கும் எரிபொருள் வேண்டும். வாயு நொடிக்கு 4 கிலோமீட்டர் வேகத்தில் வெளியேறுகிறது என்று வையுங்கள். ராக்கெட்டுக்கு 4 கிலோமீட்டர் வேகம் வேண்டுமானால் கிளம்பும்போது அதன் எடை, எரிபொருள் தீர்ந்தபின் உள்ள எடையைப்போல் 2.72 மடங்கு இருக்க வேண்டும். பூமியைச் சுற்றுவதற்கு வேண்டிய 8 கிலோமீட்டர் வேகத்துக்கு இரண்டு மடங்கு எரிபொருள் போதும் என்றுதான் தோன்றும். ஆனால் 2.72ஐ 2.72ஆல் பெருக்க வேண்டும், ஏறத்தாழ 7.4 மடங்கு வரும். காற்றின் தடையையும் பூமியின் இழுப்பையும் சேர்த்தால் இன்னும் கூடும். காலியான தொட்டிகளை வழியிலேயே கழற்றிவிடும் அடுக்கு ராக்கெட் ஏன் வேண்டும் என்பது இந்தப் பெருக்கலிலேயே தெரிந்துவிடுகிறது. 1929இல் சியோல்கோவ்ஸ்கி அதையும் எழுதினார். இன்றுவரை எந்த நாட்டு ராக்கெட்டும் இந்தக் கணக்குக்குள்தான் பறக்கிறது.

இதே மனிதர் அணுவுக்கும் உணர்ச்சி உண்டு, அண்டம் முழுவதும் உயிர்ப்புள்ளது, அதற்கு ஒரு சித்தமும் உண்டு என்று சிறு நூல்கள் எழுதித் தம் செலவில் அச்சிட்டு அனுப்பிக்கொண்டிருந்தார். தம்மைப் பொருள்முதல்வாதி என்றே சொல்லிக்கொண்டார். ஆனால் அந்த நூல்களைப் படிப்பவருக்கு நம் ஊர்ச் சித்தர் மரபு நினைவுக்கு வராமல் போகாது.

நம் ஊர்ப் பக்கம் வருகிறேன். ஃபியோதரோவுக்கு ஆறு வயது மூத்தவர் இராமலிங்க அடிகள், நம் வள்ளலார். 1823இல் மருதூரில் பிறந்தார். சென்னை ஏழுகிணற்றில் வளர்ந்தார். கருங்குழியில் இருந்தார். 1867 மே மாதம் வடலூரில், பார்வதிபுரத்து மக்கள் கொடுத்த நிலத்தில், தருமசாலையைத் தொடங்கினார். அதற்கு முந்தைய ஆண்டுதான் ஒரிசாவிலும் சென்னை மாகாணத்திலும் பஞ்சம். வந்தவர் யார், என்ன சாதி, என்ன சமயம் என்று கேட்காமல் சோறு. அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை.

வள்ளலாரும் மரணம் கட்டாயமில்லை என்றார். அவர் கேட்டது மரணமிலாப் பெருவாழ்வு. இறந்தவர்களை எரிக்காதீர்கள், புதையுங்கள் என்று வற்புறுத்தினார். இறந்தவர் எழுவர் என்ற நம்பிக்கை அதற்குப் பின்னால் இருந்தது. 1872இல் சத்திய ஞான சபை திறந்தது. கறுப்பு, நீலம், பச்சை, சிவப்பு, பொன், வெள்ளை, கலப்பு என்று ஏழு திரைகள் ஒவ்வொன்றாக விலக, பின்னால் சோதி. அதே ஆண்டு ஏப்ரலில் எழுதிய அருட்பெருஞ்ஜோதி அகவலில் எண்ணிறந்த அண்டங்களையும் வெளிகளையும் அடுக்கிக்கொண்டே போகிறார். 1874 சனவரி 30இல் மேட்டுக்குப்பம் சித்திவளாகத்தில் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். பிறகு அவரை யாரும் காணவில்லை. அவரைப் புகைப்படம் எடுக்க முயன்றபோது உடை மட்டுமே பதிந்தது என்று அடியார்கள் சொல்வார்கள்.

மாஸ்கோவில் ஒருவர், தென்னார்க்காட்டில் ஒருவர். ஒருவரை ஒருவர் அறிந்ததற்கு அடையாளமே இல்லை. இருவரும் பசியைப் பார்த்துத் துடித்தார்கள். இருவரும் தமக்கென்று எதையும் வைத்துக்கொள்ளவில்லை. இருவரும் மரணத்தோடு சமாதானம் செய்துகொள்ள மறுத்தார்கள். இறந்தவர் எழ வேண்டும் என்று இருவருமே விரும்பினார்கள். இப்படி இரண்டு பேர் ஒரே காலத்தில் இருந்திருக்கிறார்கள் என்பதே எனக்குப் பெரிய ஆறுதலாக இருக்கிறது.

ரஷ்யாவுக்கும் வள்ளலாருக்கும் இடையே இன்னொரு இழையும் உண்டு. அவருடைய மாணாக்கர் தொழுவூர் வேலாயுத முதலியார் சென்னை மாநிலக் கல்லூரியில் தமிழ்ப் பண்டிதராக இருந்தவர். 1882இல் பிரம்மஞான சபையாருக்கு ஒரு வாக்குமூலம் எழுதிக் கொடுத்தார். ரஷ்யாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் சிலர் இந்தியாவுக்கு வந்து உலக சகோதரத்துவத்தைப் போதிப்பார்கள் என்று தம் குருநாதர் முன்பே சொல்லியிருந்தார் என்பது அதன் சாரம். பிரம்மஞான சபையின் பிளவாட்ஸ்கி அம்மையார் ரஷ்யர், ஆல்காட் அமெரிக்கர். 1879இல் பம்பாயில் வந்து இறங்கிய இருவரும் 1882 இறுதியில் அடையாற்றில் குடியேறினார்கள். வாக்குமூலம் அவர்கள் வந்தபின் எழுதப்பட்டது என்பதையும் நாம் மறக்கக் கூடாது. வேலாயுத முதலியார் பொய் சொல்பவர் அல்லர். ஆயினும் வந்தவர்களைப் பார்த்தபின் நினைவுகூரும் வாக்கை அதற்கேற்ற எடையோடுதான் ஏற்க வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரம்மஞான நூல்களை ரஷ்ய மொழியில் பதிப்பித்த ஒரு குழு காலுகாவில் இயங்கியது என்பது மட்டும் உறுதி. சியோல்கோவ்ஸ்கி பள்ளியில் கற்பித்த அதே காலுகாதான்.

இந்த இடத்தில் வாசகர்களிடம் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். சித்தர் பாடலில் ராக்கெட் இருக்கிறது, அகவலில் விண்கலம் இருக்கிறது என்று எழுதி நமக்குக் கட்டுரைகள் வருகின்றன. அவற்றை நான் வெளியிடுவதில்லை. வள்ளலாருக்கு அந்தப் பெருமை தேவையில்லை. அகவலில் இருப்பது அண்டத்தின்மீது ஓர் அன்பு. ராக்கெட்டுக்கு அந்த அன்போடு 7.4 என்ற கணக்கும் வேண்டும். கணக்கைப் போட்டவர் காலுகாவின் செவிட்டு வாத்தியார். போடாததைப் போட்டதாகச் சொன்னால் இருவருக்கும் அநியாயம்.

ரஷ்யர்களிடமும் தவறு உண்டு. சியோல்கோவ்ஸ்கி அண்டம் முழுவதும் குறையற்ற உயிர்களே வாழ வேண்டும் என்று விரும்பி, குறையுள்ள உயிர்வகைகளை வலியின்றி இல்லாமல் ஆக்கிவிடலாம் என்றுகூட எழுதினார். காது கேளாமல் வளர்ந்தவர் இப்படி எழுதினார் என்பது எனக்கு மிகுந்த துயரம் தருகிறது. எட்டாத் தொலைவிலுள்ள இன்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தால், பக்கத்தில் இருக்கும் உயிரின் வலி கண்ணில் படாமல் போகும். வள்ளலார் இங்கேதான் எவ்வளவோ உயர்ந்து நிற்கிறார். வாடிய ஒரு பயிரைக் கண்டு வாடியவர் எந்த உயிரையும் குறையுள்ளது என்று ஒதுக்கமாட்டார். அவர் அண்டங்களைப் பாடினார். ஆனால் முதலில் அடுப்பை மூட்டினார்.

பின்னால் வந்த இரு ரஷ்யர்களையும் சொல்லிவிடுகிறேன். விளாதிமிர் வெர்னாட்ஸ்கி புவிவேதியியல் அறிஞர். உயிர்கள் பூமிக்கு மேல் வெறுமனே குடியிருக்கவில்லை, பாறையையும் கடலையும் காற்றையும் அவையே மாற்றுகின்றன என்று 1926இல் ‘உயிர்க்கோளம்’ என்ற நூலில் நிறுவினார். இன்றைய சூழலியலுக்கு அது அடித்தளம். அலெக்சாண்டர் சிஷெவ்ஸ்கி, சூரியனின் 11 ஆண்டுச் சுழற்சிதான் புரட்சிகளையும் கொள்ளைநோய்களையும் தூண்டுகிறது என்றார். அந்த முடிவை அறிவியல் ஏற்கவில்லை. ஆனால் சூரியனின் கொந்தளிப்பு பூமியில் உள்ளவற்றைத் தொடும் என்ற அவருடைய அடிப்படை எண்ணம் வீண்போகவில்லை. 1942இல் கைதாகிப் பல ஆண்டுகள் முகாம்களில் கிடந்தார்.

வானத்துக்கும் நமக்கும் தொடர்பு உண்டு என்பதைப் பாசிர் பெனம்பாங்கில் யாரும் புத்தகம் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. சிலாங்கூர் ஆற்று முகத்தில் தண்ணீர் இறங்கினால் சேறு தெரியும், படகு கட்டிய இடத்தில் சாய்ந்து நிற்கும். நீர் ஏறினால்தான் கிளம்பலாம். எப்போது ஏறும் என்பதை நிலவு முடிவு செய்கிறது. அமாவாசையிலும் பௌர்ணமியிலும் ஏற்றமும் பெரிது, இறக்கமும் பெரிது. கடல் உணவுக் கடையில் நாம் தட்டில் பார்க்கும் மீன் நிலவின் நேரப்படி வந்தது.

ஆற்றுக்கு இந்தப்பக்கம் புக்கிட் மெலாவத்தி. பழைய கோட்டையும் கலங்கரை விளக்கமும் இருக்கும் அந்தக் குன்றின்மேல்தான் பிறை பார்க்கும் நிலையம் இருக்கிறது. நோன்பு தொடங்கவும் பெருநாள் குறிக்கவும் அதிகாரிகள் தொலைநோக்கியோடு மேற்கு வானத்தைப் பார்க்கிறார்கள். பிறை எங்கே, எத்தனை பாகை உயரத்தில், எத்தனை நிமிடம் நிற்கும் என்பது முன்பே கணக்கிட்டது. கணக்கும் வழிபாடும் ஒரே மேடையில் நிற்கின்றன. பேருந்தில் வருகிற தூரம்தான். அந்த மாணவியை அம்மா ஒரு மாலை அங்கே அழைத்துப் போகலாம்.

நம் மலேசிய நாட்டு வரலாறும் இதே பாடத்தைச் சொல்கிறது. 1957 ஆகஸ்ட் 31இல் மெர்டேகா. ஐந்து வாரம் கழித்து, அக்டோபர் 4இல், சோவியத் நாடு ஸ்புட்னிக்கை ஏவியது. சியோல்கோவ்ஸ்கியின் நூற்றாண்டு அது. ஐம்பது ஆண்டு கழித்து, 2007 அக்டோபர் 10இல், பைகோனூரிலிருந்து சோயுஸ் கலத்தில் ஷேக் முஸாபார் ஷுக்கோர் கிளம்பினார். எலும்பு மருத்துவர். 18 சுகோய் போர் விமானங்கள் வாங்கிய ஒப்பந்தத்தின் பகுதியாகக் கிடைத்த வாய்ப்பு அது. பீரங்கிகளை மேகத்தின் பக்கம் திருப்பச் சொன்ன ஃபியோதரோவ் இதைக் கேட்டிருந்தால் கொஞ்சமாவது மகிழ்ந்திருப்பார். அது ரமலான் மாதம். எடையற்ற நிலையில் எப்படித் தொழுவது, கிப்லாத் திசையை எப்படிக் குறிப்பது, தொழுகை நேரத்துக்கு எந்த ஊர்க் கணக்கை எடுப்பது என்று நம் தேசிய ஃபத்வா மன்றம் முன்கூட்டியே வழிகாட்டி வகுத்துக் கொடுத்தது. கிளம்பும் இடத்தின் நேரத்தையே கொள்ளலாம் என்பது முடிவு. பைகோனூரில் ராக்கெட்டின்மேல் கிறிஸ்தவப் பாதிரியார் புனித நீர் தெளிப்பதும் உண்டு. தெளித்தபின் பொறியாளர்கள் வால்வு ஒவ்வொன்றையும் சோதிக்கிறார்கள். தெளித்தாயிற்றே என்று சோதனையை யாரும் விடுவதில்லை.

அந்தப் பயணத்துக்கு 11,000க்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள். கடைசி நான்கு பேராகத் தேர்ந்தவர்களில் ஒரே பெண், வனஜா. நம் பெண். அவர் மேலே போகவில்லைதான். ஆனாலும் கோலசிலாங்கூர்த் தமிழ்ப்பள்ளிகளில் படிக்கும் ஒவ்வொரு பெண்பிள்ளைக்கும் அந்தப் பெயர் தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

கடைசியாக, ஃபியோதரோவின் எண்ணங்களில் என்னை விடாமல் பிடித்துக்கொண்ட ஒன்று. நூலகமும் அருங்காட்சியகமும் பழைய பொருளைப் போட்டு வைக்கும் கிடங்குகள் அல்ல, இறந்தவர்களை எழுப்பும் பணி அங்கேதான் தொடங்குகிறது என்றார் அவர். பெயரை, எழுத்தை, செய்த வேலையைத் தொலையாமல் காப்பது அதன் முதற்படி.

பத்தாங் பெர்ஜுந்தை பக்கம் தென்னமரம் தோட்டம் இருக்கிறது. 1917இல் இந்த நாட்டில் வணிகத்துக்காகச் செம்பனை முதன்முதலில் நடப்பட்டது அங்கேதான். நட வைத்த பிரெஞ்சுக்காரர் ஆன்ரி ஃபோகோன்னியே. மலாயாவைப் பற்றி அவர் எழுதிய நாவல் 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசு வாங்கியது. அவர் பெயர் நூலகங்களில் இருக்கிறது. ஆனால் தோட்டத்தில் விடிகாலைப் பெரட்டுக்கு நின்று, காடு வெட்டி, குழி தோண்டி, கன்று ஊன்றியவர்களின் பெயர்கள்? ஜெராம், ஈஜோக், புக்கிட் ரோத்தான், தஞ்சோங் காராங்குக்கு அப்பால் சபாக் பெர்ணம்வரை எத்தனை லயங்கள் இருந்தன! தோட்டத் துண்டாடலிலும் பின்னர் வந்த வீடமைப்பிலும் லயங்கள் போயின. பல இடங்களில் இடுகாட்டுக்குப் போகும் வழியும் போயிற்று. பாட்டன் பெயர் தெரிந்தவர் இன்று வீட்டுக்கு ஒருவர் இருக்கிறார். அவரும் வயதானவர்.

ஆகவே இந்த இதழிலிருந்து ஒரு வேலையைத் தொடங்குகிறோம். உங்கள் குடும்பத்தில் முதலில் இந்த மண்ணுக்கு வந்தவரின் பெயர், அவருடைய ஊர், எந்தத் தோட்டம், பால் வெட்டா, செம்பனையா, தண்டலா, ஆயாக்கொட்டகையா, எந்த ஆண்டு வரை, எங்கே அடக்கம் செய்யப்பட்டார் என்று தெரிந்தவரை எழுதி அனுப்புங்கள். பெயர் மட்டுமே தெரிந்தால் பெயரை மட்டும் அனுப்புங்கள். தோட்டம் வாரியாகப் பிரித்து ஒவ்வோர் இதழிலும் இரண்டு பக்கம் அச்சிடுவோம். ஒரு படியை வட்டாரத் தமிழ்ப்பள்ளிகளின் நூலகங்களுக்கும் கொடுப்போம். எழுத முடியாத பெரியவர்களிடம் கேட்டு எழுதப் படிவம் நான்கு, ஐந்து மாணவர்கள் முன்வந்தால் மகிழ்ச்சி. புக்கிட் ரோத்தான் மாணவியையும் இந்தப் பணிக்கு அழைக்கிறேன். அவளுக்காக ஒரு பௌதிகப் புத்தகம் எடுத்து வைத்திருக்கிறேன். யாகவ் பெரெல்மான் எழுதியது. மாஸ்கோவிலேயே தமிழில் அச்சாகி வந்த பழைய பதிப்பு. சியோல்கோவ்ஸ்கியின் கணக்குகளை எளிய மக்களிடம் கொண்டு சேர்த்தவர் அவர். 1942இல் லெனின்கிராட் முற்றுகையில் பசியால் இறந்துபோனார். வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள் அம்மா; திருப்பித் தர வேண்டியதில்லை.

பெயர்ப் பட்டியல்கள் ஆடி மாத இறுதிக்குள் வந்தால் ஆவணி இதழில் சேர்த்துவிடலாம். புத்தாண்டு வாழ்த்துகள்.

அன்புடன்,
ஆசிரியர்